அசோகவனமும் ஆறுதலும்

கம்பராமாயணத்தைப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ‘இயற்கை வருணனை’ என்னுந் தொடரிலிருந்து தப்புதல் அரிது. வினாத்தாளில் அது வரும். விடைத்தாளிலும் அது வரும். கம்பர் இயற்கையில் ஈடுபாடு மிக்கவர், மலையையும் சோலையையும் பொய்கையையும் அழகுற வருணித்துள்ளார் என்று மாணவன் எழுதுகின்றான். நாமும் சிவப்பு மையினாற் சரியடையாளம் இட்டுப் புள்ளி வழங்குகின்றோம். யானும் பல்லாண்டு அவ்வாறே செய்து வந்தேன். ஒரு சோலை காவியத்தில் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது, அது யார் கண்ணுக்குத் தோன்றுகின்றது, கண்டவர்க்கு அதனால் விளைந்தது யாது என்னும் வினாக்களை வகுப்பில் யான் எழுப்பியதில்லை. அவற்றை என்னிடத்து எழுப்பியவன் ஒரு மாணவனே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவரை நுவரெலியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சீதா எலியாவில் ஓடைக்கரையில் உள்ள சீதையம்மன் கோயிலை வழிபட்ட பின்னர், அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்காவுக்குச் சென்றோம். அசோகவனம் இருந்த இடம் அதுவே என்பது அவ்வூர் ஐதிகம். அதன் உண்மை பொய்மையை ஆராய்தல் ஈண்டு நமது நோக்கமன்று. பனிமூட்டத்தினிடையே ரோசாச் செடிகளும் மரப்பன்னங்களும் நின்றன. யாழ்ப்பாணத்து வெயிலிலிருந்து சென்ற பிள்ளைகள் மிக்க உவகையோடு திரிந்தனர். அப்பொழுது ஒருவன் என்னிடம் வந்து, “இப்பிடிக் குளிர்மையான இடத்திலை இருந்தும் சீதை ஏன் சேர் அழுதவ?” என்று கேட்டான். உடன் நின்றோர் நகைத்தனர். கணவனைப் பிரிந்திருந்தாள், அதனால் அழுதாள் என்று யானும் எளிதாக விடை கூறி அவனை அனுப்பிவிட்டேன். ஆயினும் திரும்பி வரும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. இடத்தின் அழகு மனத்தின் துன்பத்தை ஆற்ற வல்லதாயின் சீதைக்கு அது ஏன் சிறிதும் உதவவில்லை? ஆற்ற வல்லதன்றாயின் நாம் எதற்காக அத்தனை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அம்மலைக்குக் கொண்டுபோனோம்?

இவ்வினா இக்காலத்திற்கு மிகவும் உரியது. சோலையில் உலாவுக, மரநிழலில் அமர்க, குருதியமுக்கம் தணியும், உறக்கம் வரும், மனம் இளைப்பாறும் என்று மருத்துவரும் உளநூலாரும் கூறுதல் இப்பொழுது பெருவழக்காயிற்று. யப்பானிய அரசின் வனத்துறையினர் 1982ஆம் ஆண்டில் இதற்கு ‘ஷின்ரின் யோகு’, அதாவது வனக்குளியல், என்று ஒரு பெயருஞ் சூட்டினர். ஹக்கலைப் பூங்காவே மருந்தின் பொருட்டுத் தோன்றியது என்பதையும் இங்கே நினைத்தல் தகும். 1861ஆம் ஆண்டில் அது சிங்கோனா மரம் பயிரிடுதற்கென்று தொடங்கப்பட்டது. அம்மரத்தின் பட்டையிலிருந்து பெறப்பட்ட கொயினாவே அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. பட்டையை இடித்து உண்டால் உடல் தேறும் என்றனர் அந்நாளில். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே தேறும் என்கின்றனர் இந்நாளில். இவ்விரண்டாவது கூற்றைக் கம்பர் எங்ஙனம் நோக்குவர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அசோகவனத்துச் சீதையை அனுமன் முதன்முதலாகக் காணும் காட்சிப் படலத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அங்கே கம்பர் அவளுக்குக் கூறும் உவமை ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. பன்முறை பாடஞ் சொல்லிய செய்யுள்தான். எனினும் அன்றுதான் அதனைக் கண்டேன் போலும். அரக்கியர் நெருங்கிச் சூழ இருக்கும் சீதை, கற்பாறையிடையே முளைத்து ஒரு நாளேனும் நீர்த்துளியைக் கண்டறியாமல் உலர்ந்துபோன ஒரு மருந்துச் செடியை ஒத்திருந்தாள் என்கின்றார் புலவர். சோலை நடுவே இருக்கின்றாள். சுற்றிலும் மரஞ்செடிகள் செழித்து நிற்கின்றன. அங்கே நீரின்றி வாடும் செடி அவள் ஒருத்தியே. அதுவும் எத்தகைய செடி? பிறர் நோயைத் தீர்க்கவல்ல மூலிகை. மருந்தே வாடுகின்ற சோலை என்று கம்பர் அவ்வனத்தை ஓர் உவமையால் அளந்துவிட்டார்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று என்று கருதுதற்கு அடுத்து வரும் செய்யுள்களிற் சான்று உண்டு. இராமனுக்கு யார் உணவிடுவார், விருந்தினர் வந்தால் அவன் என் செய்வான் என்று வருந்தும் சீதை, தன் பிணியைத் தீர்க்கும் ஒளடதம் எங்கேனும் இருக்குமோ என்று கலங்குகின்றாள். இருந்த நிலத்தைக் கறையான் அரித்தெழுந்த போதும் அவள் இருந்த இடம் விட்டு எழுந்தாளல்லள். கறையான் அரித்தல் என்பது நம்மூரவர்க்கு விளக்கவேண்டாத காட்சி. ஒரு பொருளை நெடுநாள் அசையாது ஒரிடத்தில் வைத்துவிட்டால் நேர்வது அது. வனம் முழுதும் உலாவுதற்கு இருக்க, அவள் உலாவவில்லை. அவள் எழுந்து அச்சோலையின் பூம்புதர் ஒன்றைத் தானே நாடிச் செல்வதை உருக்காட்டுப் படலத்திற் காண்கின்றோம். மாதவிக்கொடி அடர்ந்த அவ்விடத்தை அவள் நாடியது மலர் கொய்தற்கன்று, உயிர் துறத்தற்கு. அவ்வேளையிலேதான் அனுமன் அவள்முன் தோன்றுகின்றான்.

இனி, கம்பர் இயற்கை மனத்தை ஆற்றும் என்பதை அறியாதவரோ எனின், அன்று. அதே காவியத்தில் அயோத்தியா காண்டத்துச் சித்திரகூடப் படலத்தை நோக்குக. அரசு இழந்து, நாடு நீங்கி, மரவுரி உடுத்து வந்த மூவர் ஒரு மலையை அடைகின்றனர். இராமன் செய்யுள்தோறும் சீதையை ஒவ்வோர் இனிய விளியால் அழைத்து, அது காண், இது காண் என்று மலையின் வளங்களைக் காட்டிக்கொண்டே செல்கின்றான். அங்கே புலம்பல் இல்லை. வான்மீகியார் இதனை இன்னும் வெளிப்படையாகவே கூறினர். அரசை இழந்தமையும் சுற்றத்தைப் பிரிந்தமையும் இம்மலையைக் காணும் தன் மனத்தை வருத்தவில்லை என்று அவருடைய இராமன் சீதைக்குச் சொல்கின்றான். இக்கால ஆராய்ச்சியாளர் எவரும் இதனினும் தெளிவாக இயற்கையின் பயனை எடுத்துரைத்தல் இயலாது.

ஆனாற் சித்திரகூடத்து இன்பத்தைக் கம்பர் மலைக்கு மட்டும் உரியதாக ஆக்கினாரல்லர். அப்படலத்தில் நம் உள்ளத்தில் நின்று நிலைப்பது மலைவளமன்று. இலக்குவன் மூங்கிலை வெட்டி நிறுத்தி, இலை வேய்ந்து, மண்ணாற் சுவரெழுப்பிச் சமைத்த குடில். அதனைக் கண்டு இராமன் கண்கலங்கி, இத்தொழிலை நீ எப்பொழுது கற்றாய் என்று தம்பியை வினாவும் இடம் கல்நெஞ்சையும் கரைப்பது. ஒருவர் காட்ட ஒருவர் காணும் மலை அது. ஒருவர் கட்ட மூவர் வாழும் குடில் அது. காட்டுக்கு வரவேண்டா என்று தடுத்த கணவனுக்குச் சீதை முன்னரே கூறிய விடையும் இதுவே. காட்டின் வெம்மையைப் பிரிவின் வெம்மையோடு ஒப்பிட்டுப் பிரிவே கொடிது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அவ்வொப்பீடு மெய்யாகின்ற இடம் கிட்கிந்தா காண்டத்தின் தொடக்கமாகிய பம்பைப் படலம். பொய்கை தெளிந்தது, தாமரை மலர்ந்துள்ளது, அன்னங்கள் உலாவுகின்றன. கண்டவன் சித்திரகூடத்து மலையைக் கண்டு மகிழ்ந்த அதே இராமன். கண்ணும் மாறவில்லை, கவியும் மாறவில்லை. ஆயினும் காண்பவை யாவும் சீதையின் ஒவ்வோர் உறுப்பை நினைவூட்டி அவனை வருத்துகின்றன. பொழுது சாயும் வேளையில் இலக்குவன் வேண்ட, அவன் பொய்கையில் இறங்கி நீராடுகின்றான். அதற்குக் கம்பர் கூறும் உவமை கொல்லன் உலைக்களத்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தோய்த்த நீர் எவ்வாறாகுமோ அவ்வாறாயிற்றாம் பம்பை நீர். குளிர்ந்த நீர் அவனைக் குளிர்வித்தது என்று ஒரு சிறு புலவன் பாடியிருப்பான். கம்பர் அதனைத் தலைகீழாக்கினார். வனக்குளியல் என்று பேசுவோர் இந்நீராட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே ஒரே காவியத்தில் மூன்று நிலைகள் உள்ளன. சித்திரகூடம் ஆற்றுகின்றது, பம்பை சுடுகின்றது, அசோகவனம் ஒன்றுமே செய்யவில்லை. மூன்றாவதே மிகவும் ஆராயத்தக்கது. பம்பை துன்பத்தை மிகுத்தது என்றாலும் இராமன் அதனோடு பேசுகின்றான். அது அவனுடைய உள்ளத்தைத் தொட்டது. பிரிந்தோரை மாலையும் தென்றலும் வருத்தும் என்பது சங்கச் சான்றோர் காலந்தொட்டு வரும் மரபு. கம்பர் அங்கே அம்மரபின் வழி நின்றார். அசோகவனமோ சீதையை வருத்தவுமில்லை, தேற்றவுமில்லை. அது அவளுக்கு இல்லாதது போன்றே உள்ளது.

இதற்குக் காரணம் யாதாகலாம்? விடையின் ஒரு பகுதி அனுமன் வாய்மொழியிற் கிடைக்கின்றது. இலங்கையினின்று மீண்டு இராமன் திருவடி தொழுத அனுமன், சீதை இருக்கும் இடத்தைச் சொல்லுமிடத்து, அச்சோலை பொன்மயமான கற்பகச் சோலை என்றும், விடியலும் அந்தியும் அங்கே இல்லை என்றும் கூறுகின்றான். பொன்னொளி ஓயாது பரந்திருத்தலால் அவ்வாறு கூறினான் என்று கொள்ளலாம். அனுமன் இலங்கையைத் தேடியது இரவில் ஆதலின் இதனைச் சொல்லுக்குச் சொல் மெய்யாகக் கொள்ளல் வேண்டா. எனினும் காவியத்திற் சொன்னவன் வீண் சொல் பேசாதவன். தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தையும் பொழுதையும். நிலம் மட்டும் முதற்பொருளாகாது. முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் இன்றேல் அவை திணைகளாகா, வெறும் தரையாகும். அசோகவனத்துக்குப் பொழுது இல்லை. அஃதாவது, இராவணன் படைத்த சோலை நிலமாக உள்ளது, முதற்பொருளாக இல்லை. பூ மலர்வதும் வாடுவதும் பொழுதின் செயல். ‘நேற்று அரும்பு, இன்று மலர்’ என்று காணும் கண்ணுக்கே செடி துணையாகின்றது. என்றும் மலர்ந்தே நிற்கும் பொன்மரம் அரண்மனைத் தூணினின்றும் வேறன்று.

இக்கருத்தை மனத்திற்கொண்டு மேனாட்டார் செய்த ஆராய்ச்சிகளுட் புகழ் மிக்க ஒன்றை நோக்கினேன். றொஜர் உல்றிச் என்னும் அமெரிக்க அறிஞர் 1984ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் ஏட்டில் அதனை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஒரு புறநகர் வைத்தியசாலையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேர் படுத்திருந்த அறைகளின் யன்னல் மரங்களை நோக்கியது. வயது, பால் முதலியவற்றால் அவர்களுக்கு இணையாகத் தெரிந்தெடுத்த ஏனைய 23 பேரின் யன்னல் ஒரு செங்கற் சுவரை நோக்கியது. மரத்தைக் கண்டோர் சராசரியாக 7.96 நாளில் வீடு சென்றனர்; சுவரைக் கண்டோர் 8.70 நாள் தங்கினர். நோயாளி கலங்குகின்றார், அழுகின்றார் என்றாற்போலத் தாதியர் எழுதிய குறிப்புக்கள் முன்னவர்க்குத் தலைக்கு 1.13, பின்னவர்க்கு 3.96. கடுமையான நோவுநீக்கி மருந்துகளையும் முன்னவர் குறைவாகவே வேண்டினர்.

முக்கால் நாள் வேறுபாடு சிறிதே எனினும் நோயாளிக்கு அது பெரிது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் என் கருத்தன்று. ஆனால் இவ்வாராய்ச்சியை மேடைகளில் எடுத்துரைப்போர் அதனுள்ளேயே உள்ள சில செய்திகளை விட்டுவிடுகின்றனர். உல்றிச் ஆண்டு முழுவதுக்குமுரிய பதிவேடுகளை எடுத்தாரல்லர். மே மாதம் 1ஆம் திகதிக்கும் ஒற்றோபர் 20ஆம் திகதிக்கும் இடைப்பட்டனவற்றையே எடுத்தார். ஏனெனில் ஏனைய மாதங்களில் அம்மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். அவரும் பொழுதின்றி நிலத்தைக் கொள்ளவில்லை. தொல்காப்பியர் கேட்டால் மகிழ்வர். மேலும், மருந்து வேண்டியதில் வேறுபாடு தோன்றியது இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையுமே. சத்திரசிகிச்சையை அடுத்த முதல் நாளில், நோவு உச்சத்தில் இருந்தபோது, மரமும் சுவரும் ஒன்றாகவே இருந்தன. அன்றியும், எல்லா நோயாளர்க்கும் எல்லாக் காட்சிகளுக்கும் இம்முடிவைப் பொருத்துதல் கூடாது என்றும், நெடுநாட் படுத்து அலுத்த ஒருவர்க்கு மரத்தினும் மக்கள் நடமாடும் தெரு மிக்க நலம் தரவும் கூடும் என்றும் அவர் தாமே எழுதிவைத்தார். நல்ல ஆராய்ச்சியாளர் தம் கூற்றுக்குத் தாமே வேலி இடுவர். அவ்வேலியைப் பிடுங்கி எறிவோர் பின்வருவோரே.

என் கருத்துக்கு மாறான சான்றையும் மறைத்தல் தகாது. துயருற்ற மனத்துக்குச் சோலை பயன்படாது என்று கம்பரை வைத்து நான் சொல்லப் புகுவேனாயின், மார்க் பேர்மன் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தடுக்கும். கடுமையான உளச்சோர்வு நோயாளர் என்று அறியப்பட்ட 20 பேரை அவர்கள் எடுத்தனர். தத்தம் வாழ்வில் நிகழ்ந்த, இன்னும் ஆறாத ஒரு துன்பத்தை நினைத்துக்கொள்ளுமாறு செய்து, ஒருமுறை மரங்கள் நிறைந்த இடத்திலும் ஒருமுறை நகரத் தெருவிலும் நடக்க விட்டனர். தனிமையில் மரங்களிடையே நடந்தால் துன்ப நினைவு மேலும் சுழன்று பெருகும் என்ற அச்சம் ஆய்வாளர்க்கே இருந்தது. அது பம்பைப் படலத்து அச்சமே. நிகழ்ந்ததோ வேறு. மரங்களிடையே நடந்து வந்தபின் அவர்களது நினைவாற்றல் தெருவில் நடந்தபோதினும் மிக்கு விளங்கியது, மனநிலையும் தேறியது. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிகழவில்லை. அஃதாவது, மனம் தேறியதனால் அறிவு தெளிந்தது என்று சொல்ல இடமில்லை.

இச்சான்றை யான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நடந்தவர்கள் என்பதைச் சுட்டாமல் இருக்கவும் மாட்டேன். ஆய்வுக்கு உடன்பட்டுச் சென்றனர். நடந்து முடிந்தபின் வீட்டுக்குத் திரும்பினர். துன்பம் அவர்களோடு சோலைக்குள் வந்தது. சோலை துன்பத்தின் சிறையாக இல்லை. சீதையின் நிலை அதுவன்று. அசோகவனத்தில் அவளுக்கு ஒவ்வொரு மரமும் இராவணனுடைய மரம். துன்பம் உற்றவர்க்குச் சோலை உதவுமோ என்று ஆய்வாளர் வினாவினர். யாருடைய சோலை என்று கம்பர் வினாவுகின்றார்.

இவ்விடத்தில் கம்பர் வான்மீகியாரினின்றும் வேறுபட்ட ஓரிடம் எண்ணத்தக்கது. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். அசோகவனத்தில் அவள் சிஞ்சுபா மரத்தடியில் இருக்கின்றாள். கம்பரோ அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாக மாற்றினார். தீயோன் கை பிராட்டியைத் தீண்டலாகாது என்னும் பத்திமை நோக்கால் இம்மாற்றம் செய்தார் என்பது யாவரும் அறிந்த விளக்கம். அது சரியே. ஆனால் அதனோடு வேறொரு பயனும் விளைந்துள்ளது என்பது என் துணிபு. சாலை பெயர்ந்து வந்தமையால், இலக்குவன் புல்லும் இலையுங் கொண்டு வேய்ந்த ஒரு சிறு குடில் இராவணனுடைய பொற்சோலையின் நடுவே வந்து நிற்கின்றது. அனுமன் இராமனுக்குச் சொல்லும்போதும் சோலையைச் சொல்லிவிட்டு, அதனுள் உன் தம்பி புல்லால் வேய்ந்த தூய சாலையில் இருக்கின்றாள் என்றே முடிக்கின்றான். கற்பகம் நூறு இருக்க, சீதைக்கு உரிய தாவரம் உலர்ந்த புல் ஒன்றே. உயிரோடு நிற்கும் மரங்கள் அவளுக்கு அயல். வெட்டி வேய்ந்த புல் அவளுக்கு உறவு. அது சித்திரகூடத்திலும் பின்னர்ப் பஞ்சவடியிலும் அவள் கண்ட கைவண்ணம்.

இதனை யான் நூலில் மட்டும் கண்டேனல்லேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது யான் பாடசாலை மாணவன். எம் குடும்பம் பின்னர் வன்னிக்குச் சென்று, காட்டோரத்தில் ஒரு கொட்டிலில் வாழ்ந்தது. பாலையும் வீரையும் முதிரையும் வானளாவ நின்றன. காற்றுக்கும் நிழலுக்கும் குறைவில்லை. மயில்கள் முற்றத்துக்கே வந்தன. இக்கால ஆய்வாளர் ஒருவர் அங்கு வந்திருப்பின், இத்தனை மரச்சூழலில் வாழ்வோர் எவ்வளவு நலமாக இருப்பர் என்று கணக்கிட்டிருப்பார். அங்கிருந்த எவரும் காட்டினால் நலமடைந்தேன் என்று சொல்ல யான் கேட்டதில்லை. அம்மம்மா அக்காட்டை நிமிர்ந்தும் பார்த்ததில்லை. ஊரில் விட்டு வந்த கிணற்றடி வாழையையும் வேலியோரத்து முருங்கையையுமே நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களின் பின் பால்மாத் தகரம் ஒன்றில் மண்ணிட்டு ஒரு துளசியை நட்டார். தண்ணீர் நெடுந்தூரத்திலிருந்து சுமந்து வரவேண்டியது. குளிப்பதற்கே அளவிட்டுத் தருவார்கள். தம் பங்கில் ஒரு சிரட்டை நீரை அதற்கு ஊற்றுவார். புதுத் தளிர் கண்ட அன்று எம்மையெல்லாம் அழைத்துக் காட்டினார். அன்று இரவு அவர் நிம்மதியாக உறங்கினார் என்று அம்மா சொல்லியது இன்னும் நினைவில் இருக்கின்றது. ஒரு காடு செய்யாததை ஒரு தகரத்துச் செடி செய்தது.

இதற்கு அண்மையான ஓர் ஆய்வும் உண்டு. 2011இல் அக்னெஸ் வன் டென் பேர்க் முதலியோர் ஒல்லாந்தில் தோட்டத் துண்டுகள் வைத்திருந்த 30 பேரை, மனத்தை நெருக்கும் ஒரு சோதனைக்கு முதலில் உட்படுத்தினர். பின்னர் ஒரு பகுதியாரை அரைமணி நேரம் தோட்டவேலை செய்யவும், மறுபகுதியாரை அரைமணி நேரம் உள்ளிருந்து வாசிக்கவும் விட்டனர். மனநெருக்கடியிற் சுரக்கும் கோட்டிசோல் என்னும் சுரப்பு இருசாரார்க்கும் குறைந்தது. தோட்டவேலை செய்தோர்க்கு மிகுதியாகக் குறைந்தது. அவர்கள் மனநிலை முழுதும் மீண்டது; வாசித்தோர் மனநிலை மேலும் தாழ்ந்தது. வாசிப்பே மருந்தென்று மாணவர்க்கு வாழ்நாள் முழுதும் போதித்து வரும் எமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான். எனினும் அம்முப்பதின்மரும் தோட்டத்தில் விருப்பமுள்ளோர், தத்தம் துண்டுகளைத் தாமே கொத்தி வளர்த்தோர் என்பதை மறத்தலாகாது. ஊரார் தோட்டத்தில் அவர்களை விட்டிருந்தால் விளைவு யாதாயிருக்கும் என்பது அவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கம்பர் அவ்வெல்லைக்கு அப்பால் நின்று பாடினார்.

இறுதியாக, சீதையின் உடல் எப்பொழுது தேறியது என்று காவியத்தையே கேட்போம். அது சோலையின் எம்மரத்தடியிலும் நிகழவில்லை. அனுமன் இராமனது கணையாழியை அவள் கையிற் கொடுத்தபோது நிகழ்ந்தது. கம்பர் அவ்விடத்தில் உவமைகளை அடுக்குகின்றார். இழந்த மணியை மீளப் பெற்ற பாம்பு, தொலைத்த செல்வத்தைத் திரும்பக் கண்டவர், பிள்ளை பெற்ற மலடி, பார்வை பெற்ற குருடர் என்று அவை வளர்கின்றன. அம்மோதிரத்தின் ஒளி பரந்து அவள் மேனி முழுதும் பொன்னிறமாயிற்று என்றும் பாடுகின்றார். சோலை முழுதும் பொன். அவளோ அதனிடையே அத்தனை நாளும் நிறம் மங்கி இருந்தாள். அப்பொன்னால் நிறம் பெறாத மேனி, ஒரு விரலளவு பொன்னால் நிறம் பெற்றது.

அடுத்த தவணையில் சுந்தர காண்டப் பகுதி மீண்டும் வகுப்புக்கு வருகின்றது. அன்று ஹக்கலையில் வினாவிய மாணவன் பாடசாலை விட்டுப் போய்விட்டான். இம்முறை மாணவரிடம் இயற்கை வருணனையை எடுத்துக் காட்டுமாறு கேட்கப் போவதில்லை. சோலை நடுவே புற்குடில் ஏன் என்று கேட்க எண்ணியுள்ளேன்.